சும்மாப் பொடி

மார்ச் 4, செவ்வாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதிவிடுகிறேன். படிக்கப்போவது நான் ஒருவன்தான். என்னைப் பற்றி எனக்கு ஏற்கெனவே பெரிய அபிப்பிராயம் கிடையாது.

இன்று மத்தியானம் பாஸ் பாக்ஸுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது பிடிபட்டேன்.

பாஸ் பாக்ஸ் என்பது எங்கள் மாத்திரைக் கம்பெனியில் குருணை அறைக்கும் லேப்புக்கும் நடுச்சுவரில் பதித்த எவர்சில்வர் பெட்டி. இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கண்ணாடிக் கதவு. ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்காது. ஆள் நடமாட்டம் இல்லாமல் சாமான் மட்டும் போய்வர வைத்தது. ஐம்பத்திரண்டு வயது மண்டை போய்வர அல்ல. ஆனால் தலையை உள்ளே விட்டால் லேப்பில் பேசுவது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்கும். இதைக் கண்டுபிடித்துப் பல வருடம் ஆகிறது. இதுவரை மாட்டியதில்லை.

"குருணை ரூம்" என்று கேட்டது. அப்புறம் "இனிமே தேவைப்படாது" என்று கேட்டது. நடுவில் வந்ததைப் பிடிக்கத் தோள்வரை உள்ளே போனேன். கண்ணாடியில் டொக் டொக். என் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஆராய்ச்சி நின்றுகொண்டிருந்தாள்.

ஆராய்ச்சி என்பது நான் வைத்த பெயர். புது மாத்திரை ஆராய்ச்சிக்கென்று லேப்புக்கு வந்து கொஞ்ச மாதம்தான் ஆகிறது. முப்பது சொச்சம் வயது, பட்டத்துக்கு மேல் பட்டம். நேரில் 'மேடம்'; இங்கே 'அவள்'. சொந்த நாட்குறிப்பில் மரியாதையைச் செலவழிப்பதில்லை.

"சார், உள்ள ஏதாவது விழுந்துடுச்சா?"

"இல்ல மேடம், துரு பிடிச்சிருக்கான்னு பார்த்தேன்."

"எவர்சில்வர்லயா?"

"அதான் பார்த்தேன். பிடிக்கலை."

அவளுக்குப் பின்னால் நின்று சிரிப்பை விழுங்கிக்கொண்டிருந்தது என் சொந்த மச்சினன். மனைவியின் தம்பி. அடித்த மாத்திரைகளைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறான். அவனை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான். சோதனைப் பிரிவுக்காரனுக்கு லேப்பில் என்ன வேலை?

மார்ச் 5, புதன்

"குருணை ரூம்." "இனிமே தேவைப்படாது." இந்த இரண்டு துண்டையும் எப்படி ஒட்டினாலும் ஒரே அர்த்தம்தான் வருகிறது. "குருணை ரூம் ஆட்களைப் பாராட்ட வார்த்தைகள் இனிமே தேவைப்படாது" என்றும் ஒட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை.

சாப்பிடும்போது மனைவிக்கு விளக்கினேன். அவள் பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷன் பார்க்கிறாள். நாள் முழுக்க ஊர் வாயைப் பார்த்துவிட்டு வருவதால் என் வாய் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

"ஒரு மாத்திரையில மருந்து எவ்வளவுன்னு நினைக்கிற?"

"முழுக்க மருந்துதான். அவ்வளவு காசு வாங்குறீங்களே."

"கடுகளவு. மிச்சமெல்லாம் சும்மாப் பொடி."

சும்மாப் பொடி என்பது எங்கள் தொழிற்சாலைப் பேச்சு. நோயை ஒன்றும் செய்யாது, சும்மா இருக்கும். ஆனால் அது இல்லாமல் மாத்திரையும் இல்லை. இடத்தை நிரப்ப ஒன்று, ஒட்டிப் பிடிக்க ஒன்று, வயிற்றுக்குள் போனதும் மாத்திரையை உடைத்துவிட ஒன்று. இவற்றை அளந்து, மருந்தோடு கலந்து, நீர் தெளித்துப் பிசைந்து, காயவைத்து, மில்லில் உடைத்து, சலித்துக் குருணை ஆக்கினால்தான் மெஷினில் சீராக ஓடி மாத்திரையாக இறுகும். வெறும் தூளாகக் கொட்டினால் மெஷின் இருமும். அந்தக் குருணை அறைக்குப் பொறுப்பாளன் நான்.

ஆராய்ச்சி கொண்டுவந்திருப்பது வேறு சமாசாரம். மூன்று சும்மாப் பொடியையும் விற்கிறவனே ஒன்றாகக் கரைத்து, சூடான காற்றில் தெளித்து உலர்த்தி, ஒவ்வொரு துகளிலும் மூன்றும் இருக்கும்படி செய்து ஒரே பையில் கட்டித் தருகிறான். மருந்தைச் சேர்க்க வேண்டியது, கலக்க வேண்டியது, நேராக மாத்திரை அடிக்க வேண்டியது. பிசைவது இல்லை, காயவைப்பது இல்லை.

"நல்லதுதானே," என்றாள். "நீங்களும் தினமும் புழுங்கிப் போய்த்தானே வர்றீங்க."

"பிசைய வேண்டாம், காயவைக்க வேண்டாம்னா, இத்தனை நாளா பிசைஞ்சவன் என்ன பண்ணுவான்?"

கொஞ்சம் யோசித்தாள். "சும்மா இருப்பான்."

ஒரு வீட்டில் நகைச்சுவை ஒருவருக்குத்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

கூட்டம். எங்கள் மேனேஜர் எதையும் மூன்று தடவை சொல்கிறவர். ஒன்று காதுக்கு, ஒன்று மனசுக்கு, மூன்றாவது எதற்கென்று யாருக்கும் தெரியாது.

ஆராய்ச்சி தன் லேப்பில் இருக்கும் சின்ன மெஷினில் புதுப் பொடியை வைத்து அடித்த மாத்திரையை எல்லோருக்கும் முன்னால் தரையில் எறிந்து காட்டினாள். உடையவில்லை. உருண்டு வந்து என் செருப்புக்குப் பக்கத்தில் நின்றது. மிதிக்கவில்லை. மிதிக்க நினைத்ததை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

"பெரிய மெஷின்ல ட்ரையல் எடுப்போம். பாஸாச்சுன்னா குருணை ரூமை மூடுறோம். மூடுறோம். மூடுறோம்."

"எங்களை சார்?"

"உங்களை எங்கயாவது அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

எங்கயாவது. வீடு மாறும்போது பழைய பீரோவைப் பற்றி இப்படித்தான் பேசுவார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெரிய மிக்ஸர் எங்கள் அறையில்தான் இருக்கிறது. ஆகவே ட்ரையலுக்கான பொடியைக் கலந்து கொடுக்க வேண்டியவர்கள் நாங்களே. என்னை வெளியே அனுப்பும் பொடியை நானே கலக்க வேண்டும். மேனேஜர் இதற்கு 'டீம் ஒர்க்' என்று பெயர் சொன்னார்.

மச்சினன் கூட்டம் முழுக்க என் கண்ணைப் பார்க்கவில்லை. குறித்துக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

முதல் ட்ரையல்.

காலையில் பைகளை மில்லக்காவும் நானும் பிரித்தோம். மில்லையும் மிக்ஸரையும் ஓட்டுகிறவர் என்பதால் மில்லக்கா. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். சாதாரணமாக 'சார்' என்பார். கோபம் வந்தால் 'தம்பி'. ஒரு நாளைக்கு மொத்தம் பத்து வார்த்தைதான் பேசுவார், அதில் பாதி என்மேல் உள்ள குறை. புதுப் பொடியை உள்ளங்கையில் கொட்டித் தேய்த்துப் பார்த்தார்.

"ரொம்ப வழுவழுன்னு இருக்கு. நம்பக்கூடாது," என்றார்.

தங்கமான மனுஷி.

வழக்கம்போலச் சும்மா ஒரு ஓட்டு ஓட்டி, மருந்தைச் சேர்த்து, கலந்து அனுப்பினோம். பெரிய மெஷின் அடிக்கத் தொடங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தன மாத்திரைகள். குறை தேடி ஒன்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மச்சினன் அவற்றை உருட்டுப் பெட்டியில் போட்டான். சின்ன ராட்டினம் மாதிரி சுற்றும் கண்ணாடிப் பெட்டி. மாத்திரைகள் அதில் விழுந்து புரண்டு தாக்குப்பிடிக்கின்றனவா என்று பார்ப்பது. வெளியே எடுத்தபோது பாதிக்குமேல் தலை இல்லை. மேல்பக்கம் மூடிபோலத் தனியாகக் கழன்று கிடந்தது. இதற்கு நாங்கள் சொல்வது 'தொப்பி கழறுது'.

எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டார்கள். நானும் போட்டேன். பழக்கமில்லாததால் கன்னம் வலித்தது.

மார்ச் 13

நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 18, செவ்வாய்

இரண்டாவது ட்ரையலும் தொப்பி கழன்றது.

ஆனால் இன்று சந்தோஷப்பட முடியவில்லை. ஆராய்ச்சி அதே பைகளிலிருந்து ஒரு கை எடுத்துத் தன் சின்ன மெஷினில் அடித்துப் பார்த்திருக்கிறாள். கல் மாதிரி வந்திருக்கிறது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"லேப்ல நல்லா வருது. உங்ககிட்ட வந்தா மட்டும் கழறுதே, ஏன்?"

"உங்ககிட்ட வந்தா." "பெரிய மெஷினுக்கு வந்தா" என்று அவர் சொல்லவில்லை. அதுவும் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மூன்று தடவை சொல்கிற மனிதர் ஒரு தடவையோடு நிறுத்தினால் மிச்சம் இரண்டை வேறு யாரிடமோ சொல்லப்போகிறார் என்று அர்த்தம்.

மார்ச் 19, புதன்

கேன்டீனில் மச்சினன் என்னோடு உட்காரவில்லை. தூரத்து மேசையில் ஆராய்ச்சியோடு. அவள் ஒரு தாளில் வட்டம் வட்டமாக வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு தற்செயலாக அந்தப் பக்கம் போனேன். (என் தற்செயல்கள் எல்லாம் திட்டமிட்டவை.) அவன் தாளைக் கவிழ்த்துவிட்டான்.

"என்னடா அது?"

"ஒண்ணுமில்ல அத்தான். சாப்பிட்டீங்களா?"

என் கையில் தட்டு இருக்கிறது. தட்டில் சோறு இருக்கிறது. சாப்பிட்டீங்களாவாம்.

இரண்டு சாத்தியம். ஒன்று, காதல். அவனுக்கு நாற்பது நெருங்குகிறது, நான் பார்த்துக் கொடுத்த இடமெல்லாம் தட்டிப் போயிருக்கிறது. ஆனால் காதலிக்கிறவன் வட்டமா வரைவான்? இரண்டாவது, சதி. வேண்டுமென்றே ட்ரையலைக் கெடுத்து, பழியைக் குருணை அறைமேல் போட்டு, "இவர்களால்தான்" என்று சொல்லி எங்களைக் கூண்டோடு அனுப்புவது. அப்படி அனுப்பினால் அட்ஜஸ்ட் பண்ணக்கூடத் தேவையில்லை. எங்கயாவது என்ற இடமும் மிச்சம்.

கலக்குவதற்கு முன்னால் யாரோ பைகளில் கை வைக்கிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 20

வெட்கக்கேடு நம்பர் இரண்டு.

பையை யார் திறக்கிறார்கள் என்று பிடிக்க, மூன்றாவது ட்ரையலுக்கு வைத்திருந்த பையின் கட்டில் என் தலைமுடி ஒன்றைச் சுற்றி வைத்தேன். கட்டு அவிழ்ந்தால் முடி அறுந்திருக்கும். என் தலையின் இன்றைய கையிருப்பைத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தியாகத்தின் அளவு புரியும்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. மருந்துப் பொடிப் பையில் மனுஷ முடி! அது கிடைத்தால் விசாரணையே வேண்டாம். பாதி வழியில் திரும்பி ஓடிப் போய் எடுத்தேன். எடுத்துவிட்டு நிமிர்ந்தால் ஸ்டோர்காரர்.

"பைகிட்ட என்ன சார் வேலை, இந்நேரத்துல?"

"கட்டு இறுக்கமா இருக்கான்னு பார்த்தேன்."

துரு பிடித்திருக்கிறதா, கட்டு இறுக்கமா? இப்படியே போனால் நான் பார்க்காதது எதுவும் இந்தக் கம்பெனியில் மிஞ்சாது.

மார்ச் 22, சனி

மனைவி மாடியில் துணி எடுத்துக்கொண்டே தம்பியோடு போனில் பேசினாள். நான் படியில் நின்றேன். ஒட்டுக் கேட்கவில்லை, படியில் நின்றேன், அவ்வளவுதான். "அவர்கிட்ட எப்படிடா கேக்குறது?" என்றாள். அப்புறம் நெடுநேரம் "ம்" மட்டும். கீழே வந்து என்னைப் பார்த்ததும் பக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

சதி வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டது.

மார்ச் 25, செவ்வாய்

மூன்றாவது ட்ரையல். தொப்பி கழன்றது.

மேனேஜர் அறை. கதவைச் சாத்தினார். "வியாழக்கிழமை சாயந்திரம் ஸ்டோர்ல என்ன பண்ணீங்க?"

என்ன சொல்வது? முடியைப் பற்றிச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மானம் போகும். "கட்டு" என்று ஆரம்பித்தேன், முடிக்கவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். அந்த ஒரு வாரத்தை எனக்காக யாரோ கேட்டு வாங்கியிருப்பதுபோல ஒலித்தது. யார், ஏன்?

வீட்டில், விளக்கை அணைப்பதற்கு முன்னால் அவள் கேட்டுவிட்டாள்.

"ஒண்ணு கேட்டா கோவப்படக் கூடாது. நீங்க ஏதாவது பண்ணுனீங்களா?"

"எதை?"

"அந்தப் பொடியை."

எனக்கு எப்போதும் ஒரு பதில் இருக்கும். செத்த வீட்டில்கூட ஒரு பதில் இருக்கும், அதற்காக அவளிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இன்று வரவில்லை. இத்தனை வருஷம் கூட இருந்தவ. அவளே கேக்குறா. ஊர்ல எவன் கேட்டாலும் பரவால்ல — இவ எப்படிக் கேக்கலாம்? நான் குசும்பன்தான். வம்பன்தான். ஒட்டுக் கேக்குறவன்தான். மாத்திரையில கை வைக்கிறவனா நான்? நாலு பேரு வாயில போடுற சாமான்டி அது!

இப்படியெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. "தூங்கு" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 26

நான் செய்யவில்லை. இதை இங்கே எழுதி என்ன பயன், படிக்கிறவன் ஏற்கெனவே நம்புகிறவன். நம்புகிறானா?

மார்ச் 27, வியாழன்

இன்று பாஸ் பாக்ஸ் வழியாகப் போகவில்லை. கதவு வழியாக லேப்புக்குள் போனேன். மச்சினனும் அங்கேதான் இருந்தான்.

"ரெண்டு பேரும் என்கிட்ட நேரா சொல்லிடுங்க. என்ன மறைக்கிறீங்க?"

அவன் ஆராய்ச்சியைப் பார்த்தான். அவள் ஒரு முடிவுக்கு வந்தவள்போலக் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள். மைக்ராஸ்கோப்பில் எடுத்த இரண்டு படம்.

"இது பையில இருந்து எடுத்த பொடி சார்." உருண்டை உருண்டையாக, மழை விட்டதும் இலைமேல் நிற்கும் துளி மாதிரி. "இது உங்க மிக்ஸர்ல இருந்து எடுத்தது." முட்டை ஓடுகளைக் கூட்டிக் குவித்த மாதிரி.

கேன்டீனில் அவள் வரைந்த வட்டங்கள் இவைதான்.

"மூணும் சேர்ந்து உருண்டையா இருந்தாத்தான் சார் இது ஒண்ணோட ஒண்ணு அமுங்கிப் பிடிச்சுக்கும். உடைச்சுட்டா பழையபடி வெறும் தூள்தான். பைக்கும் மிக்ஸருக்கும் நடுவுல யாரோ உடைக்கிறாங்க."

"யாரு?"



"நீங்கதான் வேணும்னே செய்றீங்கன்னு மேனேஜர் நினைக்கிறாரு அத்தான்," என்றான் மச்சினன். "எங்க அத்தான் வாய் நீளும், கை நீளாதுன்னு நான்தான் சொல்லி ஒரு வாரம் டைம் வாங்கினேன். மேடமும் சேர்ந்து கேட்டாங்க. நடுவுல என்னதான் நடக்குது, யோசிச்சுச் சொல்லுங்க."

"என்னடா யோசிக்கிறது? பையைப் பிரிக்கிறோம். சும்மா ஒரு தடவை மில்லுல விடுறோம். மருந்தைச் சேர்க்கிறோம். கலக்குறோம். அவ்வளவுதானே."



"மில்லுலயா?" என்றாள் ஆராய்ச்சி.

"சும்மாத்தான் மேடம். கட்டி கிட்டி இருந்தா உடையட்டும்னு. எந்தப் பொடி வந்தாலும் விடுவோம். அது ஒரு வேலையே இல்ல, அதனால யாருக்கும் சொல்றதும்…"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வாய் மெதுவாகி நின்றுவிட்டது. மச்சினன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

மில்லில் அரைப்பது என்றால் வேலை. 'சும்மா ஒரு தடவை விடுவது' என்றால் அது கையைத் துடைப்பது மாதிரி, தும்முவது மாதிரி. இத்தனை வருடத்தில் எங்கள் அறையில் ஒருவர்கூட அதை ஒரு செயலாக நினைத்ததில்லை. யாரோ கை வைக்கிறார்கள் என்று நான் முடியைக் கட்டிக் காவல் காத்தேன். கை என்னுடையது.

மார்ச் 28, வெள்ளி

நானே மேனேஜரிடம் போனேன். மச்சினன் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன்.

"நான்தான் சார் கெடுத்தேன். வேணும்னு இல்ல. ஆனா நான்தான்." மில் விஷயம், முடி விஷயம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த ரூமுக்குள்ள வந்து 'நான்தான்'னு சொன்ன முதல் ஆள் நீங்க. முதல் ஆள். முதல் ஆள்." மூன்று தடவை கேட்டதில் எவ்வளவு நிம்மதி என்று எழுதத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை கடைசியாக ஒரு ட்ரையல், மில் இல்லாமல்.

வெளியே வரும்போது கால் தரையில் பாவவில்லை. மில்லக்காவிடம், "செவ்வாய்க்கிழமை காலையில பெரிய ட்ரையல் அக்கா. மேடம் வர்றதுக்குள்ள எல்லாம் ரெடியா இருக்கணும்," என்றேன். "இருக்கும்," என்றார்.

வீட்டில் சொன்னதும் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "கேட்டது தப்புதான்," என்றாள். "கேட்டதாலதான் நான் கதவு வழியாப் போனேன்," என்றேன். என்ன அர்த்தம் என்று கேட்டாள். பாஸ் பாக்ஸ் கதையையும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஃபிட்டர் ஞாயிற்றுக்கிழமை வந்து பெரிய மெஷினைக் கழற்றி மாட்டியிருக்கிறார். மாத்திரையை அழுத்துகிற அச்சுகளில் தேய்ந்ததை எடுத்துவிட்டுப் புதுசு போட்டாராம். எப்போது வந்தாலும் கிரீஸ் படிந்த கையுறையை யார் மேசையிலாவது விட்டுவிட்டுத்தான் போவார். இந்தத் தடவை என் மேசை.

நான் போகும்போதே பொடி மிக்ஸரில் தயாராக இருந்தது. ஆராய்ச்சி வந்தார்.

"மில்லுல விடலையே சார்?"

"இனிமே அந்தப் பக்கம் ஈ கூடப் போகாது மேடம்."

கலந்தோம். அடித்தோம். உருட்டுப் பெட்டி சுற்றும்போது மச்சினன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நின்றது. திறந்தான். ஒன்றுகூடக் கழலவில்லை. வெளியே எடுத்து விரலால் நெம்பிப் பார்த்தான், பல்லால் கடிக்கப் போனான், ஆராய்ச்சி தடுத்தார்.

என் அறையை மூட வைக்கும் மாத்திரை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை கன்னம் வலிக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

உத்தரவு வந்துவிட்டது. குருணை அறை மே மாதத்தோடு மூடப்படும். நேராக மாத்திரை அடிக்கும் புது லைனுக்குப் பொறுப்பாளர் நான். மில்லக்காவும் அங்கேயே. எங்கயாவது என்பது இவ்வளவு நல்ல இடமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

"ஆராய்ச்சி மேடம்தான் உங்க பேரைச் சொன்னாங்க," என்றார் மேனேஜர். "தப்பை ஒத்துக்கத் தெரிஞ்ச ஆள்கிட்டதான் புது வேலையைக் கொடுக்கணும்னாங்க." ஆராய்ச்சி மேடமாம். நான் வைத்த பெயர் அவர் வாய்வரை போயிருக்கிறது. எப்படிப் போயிற்று? மச்சினன்!

ஏப்ரல் 23, புதன்

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இன்று நான் பேச வேண்டும் என்றார்கள். தலைப்பு: 'தவறை ஒப்புக்கொள்வது எப்படி'. மில், மைக்ராஸ்கோப், மூன்று தோல்வி, ஒரு மன்னிப்பு. 'சும்மா' என்ற சொல்லைத் தொழிற்சாலைக்குள் யாரும் சொல்லக்கூடாது என்று முடித்தேன். கைதட்டினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொடி ஒவ்வாமையாகவும் இருக்கலாம், ஆனால் நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டிலும் அதே பேச்சைப் பேசிக் காட்டினேன். "நாலாவது தடவை," என்றாள் மனைவி. "மேனேஜரையே மிஞ்சிட்டீங்க."

யார்மேலும் சந்தேகம் இல்லாமல் இருப்பது எவ்வளவு லேசாக இருக்கிறது! நிறைய நேரமும் மிச்சமாகிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

மே 16, வெள்ளி

குருணை அறை காலியாகிவிட்டது. டிரையர் போன வாரமே போயிற்று. இன்று மில்லை வாங்கியவர்கள் லாரி கொண்டுவந்திருந்தார்கள். நானும் மில்லக்காவும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கயிறு கட்டித் தூக்கினார்கள்.

"பாவம்," என்றார் மில்லக்கா.

"என்ன பாவம் அக்கா? மூணு ட்ரையலைக் கெடுத்தது இதுதானே."

"இதுவா கெடுத்துச்சு?"

"உருண்டையை உடைச்சுடுச்சே. மில்லுல விடாத நாலாவதுதானே பாஸாச்சு?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நாலாவதையும்தான் விட்டேன் தம்பி. மேடம் வர்றதுக்குள்ள எல்லாம் ரெடியா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? வெள்ளெனவே வந்து ஒரு ஓட்டு ஓட்டித்தான் மிக்ஸர்ல கொட்டினேன். அச்சு தேஞ்சிருந்துச்சு, மாத்துனாங்க, சரியாயிடுச்சு."

பாஸான பொடியை மைக்ராஸ்கோப்பில் யாரும் பார்க்கவில்லை. எதற்குப் பார்ப்பார்கள்?

லாரி கிளம்பியது. அது தெருமுனை திரும்பியதும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா அக்கா?"

"சும்மா ஒரு தடவை விட்டதையெல்லாம் யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்றார்.